ஒரு கிலோவுக்கு மேலே ஒரு பச்சை மிளகாய்

பிரேமலா டீச்சருக்கு முன்பு இருந்த குரலை உள்ளபடி சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் குறைத்தே சொல்கிறேன். தம்போயில் நின்று அவர் "அஷ்வின், உட்காரு!" என்று ஒரு தடவை சொன்னால், அடுத்த ஊர் ஸ்கூடாயில் நடந்து போகிற அஷ்வின்கள் எல்லாரும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூட வாசலில் ஜாகாவாக, அதாவது காவல் வேலை பார்க்கிற எனக்கு மணி அடிக்கிற வேலையும் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த மணியில் தூசி தட்டத்தான் முடிந்தது. "எல்லாரும் உள்ள வாங்க" என்று அவர் சொல்லிவிட்டால் மணிக்கு என்ன வேலை?

அந்தக் குரல் அவருக்குப் பட்டறையில் வந்தது. அப்பா அர்ச்சுனன் தம்போயில் கார் சைலென்சர் மாற்றுகிறவர். ஒரு பக்கம் வெல்டிங், ஒரு பக்கம் சுத்தியல், நடுவில் சைலென்சர் இல்லாமல் அலறுகிற ஒரு கார். அதற்கு நடுவே நின்று "அப்பா, சாப்பிட வாங்க!" என்று கூப்பிட வேண்டும். பத்து வயதுக்குள் அவர் இஞ்சினை ஜெயித்துவிட்டார். படித்து டீச்சரானதும் முதல் வேலை மூவாரில். அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வருடம் மூவார் ஆற்றில் மீன் பிடித்தவர்களுக்கெல்லாம் ஏழாம் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும் என்று கேள்வி. மீன்களுக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு கல்யாணம், எங்கள் பள்ளிக்கு மாற்றல். மாப்பிள்ளை ரூபேந்திரன் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. இருட்டில் மோட்டார் சைக்கிள் எடுத்துப் போய் இருட்டில் திரும்புகிறவர். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் பெண்டாட்டியே "யாருங்க வேணும்?" என்று கேட்பாரோ என்னவோ. அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் பேச்சு முழுவதும் இரண்டு பெண்கள் கையில் இருந்தது. ஒருவர் நம் டீச்சர். இன்னொருவர் ரூபேந்திரனின் அக்கா காளியம்மா. தம்போய் பசாரில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். அவர் "தக்காளி!" என்று கத்தினால் பக்கத்துக் கடைத் தக்காளியும் திரும்பிப் பார்க்கும். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரு கூரைக்குக் கீழே. ஓடு பறக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

இப்படி இருந்த குரல் ஒரே நாளில் போயிற்று. பள்ளி விளையாட்டுப் போட்டி அன்று மைக் கெட்டுவிட்டது. "பிரேமலா இருக்காங்கல்ல, மைக் எதுக்கு?" என்று எல்லாரும் சிரித்தோம். காலையிலிருந்து வெயில் சாயும்வரை எல்லா ஓட்டத்துக்கும் அவரே மைக். மறுநாள் வாசலில் வந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. "விளையாடாதீங்க டீச்சர்" என்றேன். விளையாட்டு இல்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, தொண்டையில் குரல் வருகிற இடத்தில் சின்னச் சின்ன முடிச்சு விழுந்திருக்கிறது என்றார்கள். வைத்தியம் பார்த்தார்கள். சில மாதம் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்தார். கடைசியில் டாக்டர் சொன்னது: கொஞ்சம் பேசலாம், மெதுவாகப் பேசலாம், கத்தவே கூடாது. கத்தினால் இருக்கிறதும் போய்விடும்.

அவருக்குக் கொடுத்திருந்ததோ இரண்டாம் ஆண்டு வகுப்பு. எட்டு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர். எட்டு வயதில் ஒரு பிள்ளைக்குப் பத்துப் பிள்ளையின் சத்தம்.

தலைமையாசிரியை அன்னபூரணி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குப் பள்ளிக்கூடம் அமைதியாக இருக்க வேண்டும், அதற்குச் சத்தமான டீச்சர்கள் வேண்டும். டீச்சரைக் கூப்பிட்டுப் பேசினார். ஆபீஸ் கதவு சாத்தாது, நான் வெளியே பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சாடிக்கு அன்றைக்கு ஒரு வருடத் தண்ணீர்.

"பிரேமலா, ஒன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன். மேசை வேலைக்கு எழுதிப் போட்டுடலாம். பாடப் புத்தக ஸ்டோர் இருக்கு. புத்தகம் கத்தாதுலா."

டீச்சர் சத்தம் வராத குரலில், "எனக்கு அந்தப் பெரிய டிவிய குடுங்க" என்றார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கிக் கொடுத்த டிவி அது. தொட்டால் படம் நகரும். அகலம் என்றால் அப்படி ஓர் அகலம், அதை மண்டபத்தில் மாட்டிய பிறகு மண்டபம் சின்னதாகத் தெரிந்தது. விழாவில் வாழ்த்துப் படம் காட்டுவதைத் தவிர வேறு வேலை அதற்கு இல்லை.

"டிவி எதுக்கு?"

"அது பேசட்டும். நான் சொல்லிக்குடுக்கறேன்."

தலைமையாசிரியை யோசித்தார். "சரி. மேலிடத்திலேருந்து சுகுமாறன் சார் வகுப்பு பாக்க வருவாரு. அவரு பாத்து சரின்னா சரி. இல்லன்னா டிவி மண்டபத்துக்குப் போவும், நீ ஸ்டோருக்குப் போவணும். அப்புறம் என்கிட்ட அழக்கூடாது."

டீச்சர் தலையாட்டினார். டிவியைத் தள்ளுவண்டியில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனது நான். கனம் என்றால் யானைக்குட்டிக் கனம். யானைக்குட்டியாவது தானாக நடக்கும்.

டிவி பேச வேண்டும் என்றால் யாராவது முதலில் பேசி வீடியோ எடுக்க வேண்டும். ஒரு லீவு நாளில் ரூபேந்திரனைப் பேச வைத்துக் கைபேசியில் எடுத்தார். அந்த மனிதர் "இரண்டும் மூன்றும் ஐந்து" என்று சொன்னது மரண அறிவித்தல் வாசித்த மாதிரி இருந்ததாம். வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள், ஒரு பிள்ளை அழுதது.

அப்புறம்தான் காளியம்மா வந்தார். டீச்சர் கூப்பிடவில்லை. "என்னடி, என் தம்பி மூஞ்சியக் காட்டி புள்ளைங்கள பயமுறுத்துறியாமே? நான் பேசறேன், எடு" என்று அவரே வந்து நின்றார். வீடியோ எடுத்தது பசாரில், கடைக்கு முன்னால், தலையில் துண்டோடு. பயற்றங்காயைப் பத்துப் பத்தாகக் கட்டிக்காட்டி, "இது ஒரு பத்து, இது ரெண்டு பத்து, கையில மிச்சம் மூணு. ஆக எத்தன? சத்தமா சொல்லு, காது கேக்கல!" என்றார். வகுப்பில் முப்பது பிள்ளைகளும் எழுந்து நின்று "இருபத்து மூணு!" என்றார்கள். நான் வாசலில் கேட்டைத் திறந்துவிட்டேன், ஊர்வலம் வருகிறதோ என்று.

அன்றிலிருந்து டிவியில் காளியம்மாவின் குரல், வகுப்பில் டீச்சரின் கை. வீடியோ முடிந்ததும் விளையாட்டு. டீச்சரே கணினியில் செய்தது. இரண்டு குழு, ஒவ்வொருவராக வந்து திரையைத் தொட்டுப் படத்தை இழுத்து வைக்க வேண்டும். சரியானால் டிவி கை தட்டும். தப்பானால் லாரி ரிவர்ஸில் பின்னால் வருகிற மாதிரி 'பீப் பீப்' என்று ஒரு சத்தம். டீச்சர் ஒரு சின்ன வெள்ளைப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேண்டியதை எழுதிக் காட்டுவார். கத்த வேண்டிய இடத்தில் பெரிய எழுத்து.

ஒரு நாள் ஓர் அம்மா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னண்ணே, பள்ளிக்கூடத்துல கேம் விளையாடுதுங்களாமே? வீட்டுல நான் கைபேசிய புடுங்கி வெச்சா இங்க அவ்ளோ பெரிசா வெச்சிருக்கீங்க."

"படிக்குதா, இல்லையா?"

"படிக்குது. ஆனா என்னைய பாத்து 'சத்தமா சொல்லு, காது கேக்கல'ங்குது."

அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சுகுமாறன் சார் வந்த நாள் நல்ல மழை. சட்டை மடிப்பு அப்படியே இருந்தது, மழைக்கே அவரைத் தொடப் பயம். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்பார்கள். தலைமையாசிரியை எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: "அய்யாவு, வண்டிய எடுத்துக்கிட்டு வகுப்பு வாசல்ல நில்லு. நான் கண்ணு காட்டினா டிவிய எடுத்துடணும்." அதனால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நானும் அந்தப் பாடத்தை முழுவதும் பார்த்தேன். இரண்டாம் ஆண்டுப் பாடம் எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் புரிந்தது.

அன்றைய பாடம் பொருண்மை. பாடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். பசாரில் எடை என்பார்கள். டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. திரையைத் தொட்டார். காளியம்மா வந்தார், தராசோடு.

"இங்க பாரு புள்ளைங்களா! தக்காளி. இப்ப முள்ளு எங்க நிக்குது? ஒண்ணுல. ஒண்ணுன்னா ஒரு கிலோ. ஒரு கிலோன்னா ஆயிரம் கிராம். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல." தக்காளியைப் பையில் கொட்டினார். "இந்தாம்மா, ஒரு பச்ச மொளகா சும்மா வெச்சுக்க." அடுத்தது கத்தரிக்காய். முள் ஒன்றில் நின்றது. பையில் கொட்டினார். "இந்தாங்க, கொஞ்சம் கருவேப்பில." அடுத்தது வெண்டைக்காய். அதற்கும் ஒரு கை மல்லி. எதை நிறுத்தாலும் மேலே ஒரு கொசுறு. நாங்கள் எல்லாரும் காய் வாங்குகிறவர்கள்தானே, எங்கள் கண்ணில் அது படவே இல்லை. டீச்சர் அந்த வீடியோவை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தவர். அவர் கண்ணிலும் படவில்லை.

விளையாட்டு தொடங்கியது. திரையில் ஒரு தராசு. ஒரு தட்டில் ஒரு கிலோ எடைக்கல். கீழே காய்கறிப் படங்கள், எல்லாம் காளியம்மாவின் கடையில் எடுத்தவை: தக்காளிப் பை ஐந்நூறு கிராம், கத்தரிக்காய்ப் பை இருநூறு கிராம், பெரிய பச்சை மிளகாய் ஐம்பது கிராம், கருவேப்பிலைக் கொத்து பத்து கிராம். தட்டு சமமாக நிற்க வேண்டும்.

முதலில் லோஷினி. இரட்டை ஜடை, நெற்றியில் திருநீறு, மந்திரி மாதிரி நடை. ஒரு தக்காளிப் பையை இழுத்து வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள். தட்டு சமமாக நின்றது. தலைமையாசிரியை மூச்சு விட்டார். நானும் விட்டேன். டிவி கை தட்ட இரண்டு நொடி ஆகும். அதற்குள் லோஷினி ஒரு பச்சை மிளகாயை இழுத்து மேலே போட்டாள்.

தட்டு 'டக்'கென்று சாய்ந்தது. லாரி பின்னால் வந்தது.

அடுத்த குழுவில் அஷ்வின். கத்தரிக்காய்ப் பை ஐந்து வைத்தான். ஐந்து இருநூறு ஆயிரம், சமம். வைத்துவிட்டு ஒரு கருவேப்பிலைக் கொத்தையும் மேலே போட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். லாரி. அபர்ணா வந்தாள். லாரி. அதற்குப் பிறகு வந்த பிள்ளைக்கும் லாரி. அந்த வகுப்புக்குள் அன்றைக்கு ரிவர்ஸில் வந்த லாரிகளை வரிசையாக நிறுத்தினால் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் போய் முட்டும்.

சுகுமாறன் சார் கேட்டார்: "என்ன டீச்சர், புள்ளைங்களுக்கு ஆயிரம்வரைக்கும் கூட்டத் தெரியாதா?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் வண்டியின் கைப்பிடியை இறுக்கினேன்.

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. கழுத்து நரம்பு எழும்பியது. வாயைத் திறந்தார். பழைய குரல் உள்ளே இருந்து புறப்பட்டு வருவது எனக்கே தெரிந்தது. "எத்தன தடவ சொன்னேன்!" என்று ஒரே ஒரு வரி. அதைக் கத்தியிருந்தால் பிள்ளைகள் பயந்து கையைக் கட்டிக்கொண்டு சரியாகச் செய்திருப்பார்கள். டீச்சரின் தொண்டை அங்கேயே முடிந்திருக்கும். கையைத் தொண்டையில் வைத்தார். வாயை மூடினார். பலகையில் ஒரு சொல் எழுதி லோஷினியிடம் காட்டினார்: ஏன்?

லோஷினிக்குக் கேள்வியே புரியவில்லை. "அந்த அத்த குடுத்தாங்கல்ல, டீச்சர்?"

"எந்த அத்த?" என்றார் சுகுமாறன் சார்.

"டிவி அத்த, சார். ஒரு கிலோ போட்டா மேல மொளகா போடணும். போடலன்னா கஞ்சம்லா."

"போடலன்னா எங்க அம்மா வேற கடைக்குப் போயிடுவாங்க," என்றான் அஷ்வின்.

வகுப்பு முழுவதும் "ஆமா சார், ஆமா சார்" என்றது. டீச்சர் திரும்பித் திரையைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அவர் விளக்கம் சொல்லவில்லை. வீடியோவை முதலில் இருந்து ஓடவிட்டார். முள் ஒன்றில் நிற்கிற இடத்தில் நிறுத்தினார். பிறகு மிளகாய் விழுகிற இடத்தில் நிறுத்தினார். மறுபடியும் முள். மறுபடியும் மிளகாய். ஒதுங்கி நின்றுகொண்டார்.

அபர்ணா முதலில் எழுந்தாள். "அலமாக், ஐயோ! டேய், மொளகா தராசுல விழல. பையிலதான் விழுது."

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றான் அஷ்வின்.

"இல்லடா மண்டு. நிறுத்து முடிச்சு, பையில கொட்டி, அப்புறம்தான் போடறாங்க. பாரு."

"அப்ப மொளகாவுக்கு எட இல்லையா?"

"இருக்கு."

"இருந்தா ஏன் நிறுக்கல?"

"சும்மா குடுக்கறத யாருடா நிறுப்பா?"

முப்பது பிள்ளைகளும் திரைக்கு முன்னால் குவிந்துவிட்டார்கள். அதில் இரண்டு கட்சி. கொசுறைத் தராசில் வைப்பவர்கள் கட்சி, பையில் போடுபவர்கள் கட்சி. ஊர்க் கோயில் கூட்டத்தில்கூட அப்படி ஒரு வாக்குவாதம் நான் கேட்டதில்லை. அதில் அடி விழும், இதில் காரணம் சொன்னார்கள். டீச்சர் ஒவ்வொருவராகக் கை காட்ட, காட்டியவர் பேசினார். கடைசியில் அஷ்வின் திரைக்குப் போனான். கத்தரிக்காய்ப் பை ஐந்து வைத்தான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கருவேப்பிலைப் பக்கம் போகத் துடிக்கிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான். டிவி கை தட்டியது.

சுகுமாறன் சாருக்கு வாய் அரித்திருக்க வேண்டும். எழுந்து முன்னால் வந்துவிட்டார். "சரி. அந்தத் தக்காளியும் மொளகாவும் இருக்கற பைய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்க. பையில எவ்ளோ கிராம்?"

லோஷினி விரலை மடக்கவே இல்லை. "ஆயிரத்து அம்பது, சார்."

"ரெண்டாம் ஆண்டுல ஆயிரத்துக்கு மேல எண்ணு கெடையாதே?"

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் மூன்று விரலைக் காட்டினார். மூன்றாம் ஆண்டுப் பாடம்.

"இது கொசுறு, சார்," என்றாள் லோஷினி.

சார் சிரித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டையில் ஒரு மடிப்பு கலைந்தது, நான் பார்த்தேன். நாற்காலிக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் சொன்னார்: "டீச்சர் ஒரு வார்த்த பேசல."

தலைமையாசிரியை பதறிவிட்டார். "சார், அவங்களுக்குத் தொண்டையில கொஞ்சம்... அதுக்குத்தான் ஸ்டோருக்கு..."

"எதுக்கு ஸ்டோரு? புள்ளைங்கதான் பேசுதுங்களே." வாசலில் என்னையும் வண்டியையும் பார்த்தார். "இது எதுக்கு இங்க நிக்குது?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன். வண்டிக்குப் பார்க்க ஆள் இல்லை.

"சும்மா, சார்," என்றேன்.

வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். யானைக்குட்டி இல்லாத வண்டி இவ்வளவு லேசாகப் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

டீச்சர் இரண்டாம் ஆண்டிலேயே இருக்கிறார். குரல் பழையபடி வரவில்லை, வராது என்றும் சொல்லிவிட்டார்கள். மணி அடிக்கிற வேலை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. விளையாட்டில் மட்டும் ஒரு மாற்றம் செய்திருக்கிறார்: தட்டு சமமாக நின்று டிவி கை தட்டிய பிறகு தராசுக்குப் பக்கத்தில் ஒரு பை வரும். அதில் பிள்ளைகள் இஷ்டத்துக்கு மிளகாய் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் புள்ளி கிடையாது. இதைக் கேள்விப்பட்ட காளியம்மா கடையில் நின்று, "நான் போடற கொசுறுக்கு புள்ளி இல்லையாமா? அந்த சார இங்க வரச் சொல்லு!" என்றார். சாரின் மேலிடம்வரைக்கும் கேட்டிருக்கும்.

போன வாரம் அடுத்த வீடியோ எடுத்தார்கள். பாடம் கொள்ளளவு. அதாவது லிட்டர் கணக்கு. நான் கீரை வாங்கப் போனவன், குடை பிடிக்கிற வேலையில் மாட்டிக்கொண்டேன். காளியம்மா ஒரு கண்ணாடிச் சாடியில் இளநீர் ஊற்றினார். லிட்டர் கோடு வந்தது. கோட்டைத் தாண்டியது. சாடி நிரம்பி மேசையில் வழிந்தது.

டீச்சர் கைபேசியைத் தாழ்த்திக்கொண்டு, அன்றைக்குச் செலவழிக்க இருந்த குரலில் பாதியை எடுத்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணி, கோடு வரைக்கும் போதும்."

"கோடு வரைக்கும் ஊத்தினா எவடி வாங்குவா?" என்றார் காளியம்மா.

டீச்சர் சாடியைக் கழுவித் துடைத்து மறுபடியும் அவர் கையில் கொடுத்தார்.